மூக்கு உடைந்திருந்தால் பழசாகிவிடுமா?

கேள்வி: மூக்கும் ஒரு காதும் உடைந்த பளிங்குத் தலை ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. ரோமானியர் காலத்தது, முதல் பேரரசர் அகஸ்டஸ் ஆட்சியில் (கி.மு. 27–கி.பி. 14) செய்தது என்கிறார்கள். மண்கூட ஒட்டியிருக்கிறது. நிஜமா, போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: உடைந்த மூக்கை மட்டும் நம்பிவிடாதீர்கள். பழைய தலைகளில் மூக்கு போயிருப்பது சகஜம் என்பது போலி செய்கிறவருக்கும் தெரியும், அதனால் அவரே தட்டி உடைத்துவிடுவார். நீங்கள் பார்க்க வேண்டியது, உடைந்த இடத்துக்கும் முகத்தின் மற்ற பகுதிக்கும் ஒரே வயதுதானா என்பதை. லென்ஸ் வைத்துப் பாருங்கள். வெகுகாலம் மண்ணுக்குள் கிடந்த உடைப்பு என்றால் விளிம்பு மழுங்கியிருக்கும், கன்னத்தில் உள்ள அதே பழுப்புப் படிவு உடைப்புக்குள்ளும் தொடரும், செடிவேர் ஓடிய தடங்கள்கூடத் தெரியலாம். சர்க்கரை மாதிரி வெள்ளையாக மினுமினுத்தால் அது புது உடைப்பு. அதற்காகத் தலையே போலி என்று முடிவுகட்டவும் கூடாது, தோண்டும்போது உடைந்திருக்கலாம். மண்ணை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன், யார் வேண்டுமானாலும் பூசலாம்.

அப்புறம் கண்கள். பேரரசர் ஹாட்ரியன் காலம் (கி.பி. 117–138) வரை ரோமானியச் சிற்பிகள் பெரும்பாலும் கருமணியை வண்ணத்தில்தான் தீட்டினார்கள், அதற்குப் பிறகே குடைந்து செதுக்கும் வழக்கம் பரவியது. அகஸ்டஸ் காலத்தது என்று சொல்லும் தலையில் கருமணி குடைந்திருந்தால், பின்னாளில் யாராவது திருத்திச் செதுக்கினார்களா என்று கேளுங்கள்.

இருட்டறையில் புற ஊதா விளக்கடித்தால் பழைய பளிங்கு மஞ்சள் கலந்த வெண்மையில் திட்டுத்திட்டாக ஒளிரும், புதிதாகச் செதுக்கியது ஊதாவாகத் தெரியும். ஆனால் அமிலம் போட்டுக் கழுவிய உண்மையான பழந்தலையும் புதுசு போலத் தெரியும். ஐசோடோப்புச் சோதனை (கல்லில் உள்ள கார்பன், ஆக்சிஜன் அணு வகைகளின் விகிதத்தை அளப்பது) கல் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்திருக்கலாம் என்று சொல்லும், எப்போது செதுக்கினார்கள் என்று சொல்லாது. ரோமானியர் பளிங்கு வெட்டிய இத்தாலியின் கராராவில் இன்றைக்கும் வெட்டுகிறார்களே!

என்னைக் கேட்டால், கல்லுக்குச் சமமாக, அது முன்பு யாரிடம் இருந்தது என்று காட்டும் காகிதத்தையும் சோதிக்க வேண்டும். அமெரிக்காவின் கெட்டி (Getty) அருங்காட்சியகம் 1985-இல் வாங்கிய கிரேக்க இளைஞன் சிலையோடு வந்த, 1952 தேதியிட்ட கடிதத்தில் 1972-இல்தான் நடைமுறைக்கு வந்த அஞ்சல் குறியீடு இருந்தது! அதனால், பண்பாட்டுப் பொருள்களின் கள்ளக் கடத்தலைத் தடுக்க வந்த 1970-ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஒப்பந்தத்துக்கு முன்பே இந்தத் தலை யாரிடம் இருந்தது என்பதற்கு ஆதாரம் கேளுங்கள், வந்ததும் அதையும் சரிபாருங்கள். தர மறுத்தால் வாங்காதீர்கள். போலி என்றால் பணம் போகும், நிஜம் என்றால் திருட்டுத்தனமாகத் தோண்டியதாக இருக்கலாம், சிலையே பறிமுதலாகிவிடும்.