டாலர் வாங்கும் முன் வளையத்தைப் பாருங்கள்

கேள்வி: மகளிடம் ஒரு சவரனில் மெல்லிய செயின் இருக்கிறது. அதில் 6 கிராமில் கல் வைத்த லட்சுமி டாலர் கோத்துத் தரலாமா? தினமும் போட்டுக்கொள்வாள்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: டாலர் பிடித்திருந்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் அந்தச் செயினில் கோக்காதீர்கள். ஒரு சவரன் என்பது 8 கிராம்தான். அதில் 6 கிராம் தொங்கிக்கொண்டு நாள் முழுக்க ஆடினால் செயினும் தேயும், டாலரின் வளையமும் தேயும். வீட்டில் பழைய டாலர் இருந்தால் எடுத்துப் பாருங்கள், செயின் தொடுகிற இடத்தில் மட்டும் வளையம் உள்பக்கமாக நூல் மாதிரி இளைத்திருக்கும். அறுவது அங்கேதான், விழுந்தது பல நேரம் தெரியக்கூடத் தெரியாது. தினமும் போட 2, 3 கிராமில் சின்ன டாலர் போதும். லட்சுமி டாலருக்குக் கனமான முறுக்குச் செயினோ பவழ மாலையோ எடுத்து விசேஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒற்றை வளையம் வைத்த பெரிய டாலர் அடிக்கடி பின்பக்கம் திரும்பிக்கொள்ளும். இரண்டு பக்கமும் வளையம் வைத்த பதக்கத்தில் அந்தத் தொல்லை குறைவு.

அப்புறம் பில். மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். தங்கத்தின் விலை நிகர எடைக்குத்தான், சேதாரமும் அதற்கே போடச் சொல்லுங்கள். உள்ளே அரக்கு அடைத்த பதக்கம் என்றால் அரக்கின் எடையும் கழிய வேண்டும், கேட்கத் தயங்காதீர்கள். 22 காரட் நகையில் 916 என்ற குறியும், ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க அடையாள எண்ணான எச்யூஐடியும் இருக்கும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் விவரம் வந்துவிடும். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்பதால், சின்ன டாலர் வாங்கும்போது காரட்டைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: பேரனுக்கு ஐம்படைத்தாலி போட ஆசை. அசல் புலிநகம் வைத்த டாலரும் கிடைக்கும் என்கிறார்கள், வாங்கலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: ஐம்படைத்தாலி அருமையான யோசனை. திருமாலின் சங்கு, சக்கரம், கதை, வாள், வில் ஐந்தையும் பொறித்துக் குழந்தைக்குக் காப்பாகப் போடுவது நம் பழைய வழக்கம். இன்றும் பொற்கொல்லரிடம் சொன்னால் செய்து தருவார். ஓரங்கள் கூராக இல்லாமல் மழுங்கலாக இருக்கட்டும். விசேஷ நேரத்தில் மட்டும் போட்டுவிட்டு, தூங்க வைக்கும் முன் கட்டாயம் கழற்றிவிடுங்கள், கைக்குழந்தையின் கழுத்தில் கயிறோ செயினோ இறுகினால் ஆபத்து.

அசல் புலிநகம் வேண்டவே வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை விற்பது, வாங்குவது இரண்டுமே குற்றம். அந்த வடிவம்தான் பிடிக்கும் என்றால் தங்கத்திலேயே வார்த்துத் தருவார்கள்.

கேள்வி: முத்து டாலர் மங்கிவிட்டது. பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: ஊறவைக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, நிழலில் உலரவிட்டு, மெல்லிய துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். முத்துக்கு வியர்வையும் சென்ட்டும் ஆகாது, அதனால் அலங்காரமெல்லாம் முடிந்த பிறகு கடைசியாகப் போடுங்கள்.