1741-இன் குளச்சலை எங்கே போய்ப் பார்ப்பது?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம்; வேலை கோயம்புத்தூரில். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களை வென்ற குளச்சல் போரை வைத்து ஒரு நாவல் எழுதிவருகிறேன். நாயகன் விளவங்கோட்டுப் பனையேறி ஒருவரின் மகன். போர் முடிந்தபின் உதயகிரிக் கோட்டை வேலைக்கு ஊழியத்தில், அதாவது கூலியில்லாக் கட்டாய வேலையில், பிடித்துச் செல்லப்படுகிறான். வரலாற்றைப் படித்துவிட்டேன், எழுத உட்கார்ந்தால் இடம் கண்முன் வரவில்லை. இணையத்தில் நிறையப் படங்கள் சேர்த்தேன், செயற்கை நுண்ணறிவைக் கொண்டும் சில படங்களை வரையவைத்தேன். எல்லாம் சினிமா செட் போலவே இருக்கிறது. நேரில் எங்கே போவது, எதைப் பார்ப்பது? முதல் அத்தியாயத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: அத்தியாயத்தைப் படித்தேன். பையன் பேசுகிற இடங்கள் உயிரோடு இருக்கின்றன. அவன் நிற்கிற இடங்கள்தான் வேறு எங்கோ இருக்கின்றன. நீங்கள் சேர்த்த படங்களில் பாதியாவது தஞ்சாவூரிலும் ராஜஸ்தானிலும் எடுத்தவையாக இருக்கும். வளைவுகள், வானளாவும் தூண்கள், பளிங்குத் தரை எல்லாம் அங்கிருந்து வந்தவை. தென் திருவிதாங்கூரின் கட்டடங்களுக்கு அளவு சொன்னது மழை. ஆண்டுக்கு இரண்டு பருவமழை கொட்டுகிற மண்ணில் கூரை செங்குத்தாகச் சரியும், இறவாரம் தாழ்ந்து தொங்கும், உள்ளே வெளிச்சம் குறையும். அரசன் வீடானாலும் மரம்தான், ஓடுதான், இருட்டுதான்.

அதை நம்புவதற்குப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். சின்ன வயதில் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணக்கு இப்போது செல்லாது. வழிகாட்டி சொல்லும் ‘சிறப்புகளை’ ஒருமுறை கேட்டு முடித்துவிட்டு, மறுபடி டிக்கெட் எடுத்துத் தனியாக உள்ளே போங்கள். அரண்மனையின் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தின் நடுமுற்றத்தருகே உட்கார்ந்து, மேலேயிருந்து இறங்கும் வெளிச்சம் எத்தனை அடி தூரம் வரை போகிறது என்று பாருங்கள். அதைத் தாண்டி இருக்கிறவர் முகம் தெரியாது, வேட்டியின் வெண்மை மட்டும் தெரியும். அரசர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையின் சன்னல்களில் பதித்த வண்ண அபிரகத் தகடுகள் வழியாக வெளிச்சம் எப்படி மங்கி நிறம் மாறி விழுகிறது, வெளியே வெயில் எரிக்கும்போது உள்ளே உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று கவனியுங்கள். கரிய தரையைக் கையால் தொட முடிந்தால் தொடுங்கள். சுண்ணாம்பு, தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெண்கரு என்று அதன் சேர்மானத்தை எல்லோரும் சொல்வார்கள். உங்களுக்கு வேண்டியது வேறு: வெறுங்காலுக்கு அது எவ்வளவு குளிர்ச்சி, விளக்கொளி அதில் எப்படி நீளும், ஒருவர் நடந்துவரும் ஓசை கேட்குமா கேட்காதா. மரப்படிகளில் ஏறி இறங்குங்கள். இடுப்பில் உடைவாள் கட்டியவன் அந்தப் படிகளில் அவசரமாக இறங்க முடியாது. உங்கள் அத்தியாயத்தில் ஒரு தளவாய் ‘பாய்ந்து இறங்குகிறார்’.

ஆனால் கண்ணில் படுவதையெல்லாம் 1741-இல் வைத்துவிடாதீர்கள். இதுதான் இந்தத் தொழிலின் முக்கால் பங்கு. இன்று நிற்கிற காட்சியிலிருந்து பின்னால் வந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். அரண்மனையின் பெயர்பெற்ற நான்கடுக்கு உப்பிரிக்கை மாளிகை 1750-ஐ ஒட்டி மார்த்தாண்ட வர்மா கட்டியது. உங்கள் கதை தொடங்கும்போது அது இல்லை. தாய்க்கொட்டாரம் இருந்தது. ஊரையும் அப்போது கல்குளம் என்றே உங்கள் பையன் சொல்வான். நவராத்திரிக்கு இங்கிருந்து சரசுவதி அம்மன் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும் ஊர்வலத்தை அவசியம் பாருங்கள். யானையின் அசைவும், பல்லக்குத் தூக்குவோரின் காலடியும், வழியோரம் நிற்பவர்களின் முகமும் வேறெங்கும் கிடைக்காது. ஆனால் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போனது 1795-இல். அந்தப் பயணத்தை உங்கள் காலத்துக்குள் நுழைத்தால் விவரம் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

இனிக் கொஞ்சம் கசப்பானதைச் சொல்கிறேன். இவ்வளவு கவனமாக நீங்கள் பார்க்கப்போகிற அரண்மனைக்குள் உங்கள் நாயகன் காலெடுத்து வைத்திருக்கவே முடியாது. பனையேறி மகன் உணவுக்கூடமான ஊட்டுப்புரையின் வாசலை எட்டிப் பார்ப்பதும், முகப்பு மண்டபமான பூமுகத்தில் குதிரை விளக்கின் அழகில் சொக்கி நிற்பதும் நடக்காத காரியம். யார் எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பதற்குக் கணக்கு வைத்திருந்த ராஜ்ஜியம் அது. சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காக 1926-இலும் 1930-இலும் சத்தியாகிரகம் நடத்த வேண்டியிருந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பரில். உங்கள் கதை அதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முந்தையது. ஆகவே அரண்மனையை உள்ளிருந்து பார்த்த அதே நாளில், வெளியே வந்து கோட்டைச் சுவரைச் சுற்றி நடங்கள். சுமார் நான்கு கிலோமீட்டர் வரும். அவன் பார்த்திருக்கக்கூடியது அந்தச் சுவர், அதற்கு மேலே எட்டிப் பார்க்கும் மரங்கள், ஒருவேளை ஒரு கூரை முகப்பு, சமையல் புகை. உள்ளே நடப்பதை அவன் வாசனையாலும் சத்தத்தாலும் மட்டுமே அறிவான். எழுதுகிறவருக்கு இது குறை இல்லை, பெரிய வசதி. நான்கு பக்க வருணனையை மிச்சப்படுத்தும். உள்ளே உட்கார்ந்து நீங்கள் எடுத்த குறிப்புகளை தளவாய் வரும் காட்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பையனின் சொந்த இடம்தான் கடினம். விளவங்கோடு இன்று முழுக்க ரப்பர். வரிசை பிடித்து நிற்கும் அந்த நிழல் 20ஆம் நூற்றாண்டில் வந்தது. அத்தியாயத்தில் அவன் அம்மா மரவள்ளிக்கிழங்கு அவிக்கிறார். அது நம் வீடுகளின் அன்றாடச் சோறாகப் பரவியது 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மன்னர் விசாகம் திருநாள் காலத்தில். வீட்டு மேல் தட்டையான சிவப்பு ஓடு போட்டிருக்கிறீர்கள். அது மங்களூர் ஓடு, இயந்திரத்தில் அழுத்திச் செய்வது, 1860-களுக்குப் பிறகுதான் வந்தது. தவிர, எளியவர்கள் ஓடு வேயவே தடை இருந்தது. பனையோலைக் கூரை போடுங்கள். பேச்சிப்பாறை அணை 1906. மாத்தூர் தொட்டிப்பாலம் 1966. இவ்விரண்டையும் கழித்துவிட்டு உங்கள் ஊர் வாய்க்காலையும் வயலையும் மறுபடி யோசித்துப் பாருங்கள். தண்ணீரின் வழியே மாறிவிடும்.

இவ்வளவையும் கழித்தபின் மிஞ்சுவதைக் கண்ணால் பார்க்க அகஸ்தீஸ்வரம், தோவாளைப் பக்கம் வாருங்கள். பனை இன்னும் கூட்டமாக நிற்கும் விளைகள் (தோப்புகள்) அங்கே உண்டு. கோடையில் வந்தால் அக்கானி (பதநீர்) இறக்குகிறவர் யாராவது அகப்படுவார். அவர் மரத்தில் ஏறுவதைப் படம் பிடிப்பதில் நேரத்தைப் போக்காமல், இறங்கியபின் என்ன செய்கிறார் என்று பாருங்கள். இடுப்பிலிருந்து அருவாப்பெட்டியை அவிழ்க்கும் விதம், பாளை அருவாளை எந்தப் பக்கம் வைக்கிறார், நெஞ்சிலும் முன்னங்கையிலும் மரம் உரசிக் காய்ப்பேறிய தோல். உங்கள் நாயகனின் அப்பாவுக்கு அந்தத் தோல் இருந்திருக்கும். பையனுக்கு அது இப்போதுதான் தொடங்கியிருக்கும். கோட்டை வேலைக்குப் போனதும் கல் சுமந்து வேறு இடத்தில் காய்ப்பு வரும். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டே ஒரு அத்தியாயம் எழுதலாம். பக்கத்திலேயே கருப்பட்டி காய்ச்சும் கொட்டகை இருந்தால் உள்ளே போய் உட்காருங்கள். புகை கண்ணை எவ்வளவு நேரத்தில் கலங்கவைக்கிறது என்று தெரியும். இரவு வெளிச்சத்துக்குப் புன்னைக்காய் எண்ணெய். சொட்டு கிடைத்தால் ஒரு அகலில் ஊற்றி ஏற்றிப் பாருங்கள்.

மாறாதது மலை. கல்குளத்திலும் உதயகிரியிலும் எங்கே நின்றாலும் வேளிமலை தெரியும். கிழக்கே போனால் தாடகை மலை, மருந்துவாழ்மலை. 1741-இல் அவன் பார்த்த விளிம்புக்கோடும் நீங்கள் பார்க்கும் விளிம்புக்கோடும் ஒன்றே. எனவே எந்தக் காட்சியையும் மலையிலிருந்து தொடங்கிக் கீழே இறங்குவது என் வழக்கம். குளச்சலிலிருந்து தக்கலைப் பக்கம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர். ஒருநாள் அதை நடந்தே கடந்துவிடுங்கள். மலை எந்த வளைவில் தெரிகிறது, எங்கே மறைகிறது, கடலின் சத்தம் எந்த இடத்தோடு நிற்கிறது, தாகம் எங்கே எடுக்கிறது. பிடித்துச் செல்லப்படுகிறவனுக்கு இந்த நான்கும்தான் வழி. பஸ்ஸில் போனால் இவற்றில் ஒன்றும் கிடைக்காது.

உதயகிரிக் கோட்டை இப்போது வனத்துறையின் பொறுப்பில் பல்லுயிர்ப் பூங்காவாக இருக்கிறது. மான்களையும் பறவைக் கூண்டுகளையும் கடந்து போங்கள். குளச்சலில் தோற்றுச் சிறைப்பட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படையைப் பழக்கிய டச்சுத் தளபதி டிலனாயின் கல்லறை, கூரையில்லாத சிறு தேவாலயத்துக்குள் இருக்கிறது. அவர் இறந்தது 1777-இல். கல்லறையில் லத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்துத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் மதிலுக்கு வாருங்கள். உங்கள் பையன் செய்தது அதுதான். ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து அதன் நீளத்தைச் சாணால் அளங்கள். உளித்தடம் தெரிகிறதா, இரண்டு கல்லுக்கு நடுவே விரல்நகம் நுழைகிறதா, அடிவரிசைக் கல்லும் மேல்வரிசைக் கல்லும் ஒரே பருமனா என்று பாருங்கள். அந்தக் கல்லை எத்தனை பேர் தூக்கியிருப்பார்கள், மழையில் வழுக்கியிருந்தால் யார் கால் அகப்பட்டிருக்கும் என்று கேட்டுக்கொண்டால் போதும், காட்சி தானாக வரும். பீரங்கி வார்த்த இடமும் இந்தக் கோட்டைக்குள்தான் இருந்தது. கோட்டைக்குள்ளேயே ஒரு குன்றும் உண்டு; உலைப் புகை எந்தப் பக்கம் போயிருக்கும் என்று காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

போர்க் காட்சிக்கு வருகிறேன். நீங்களும் எல்லோரையும் போல 1741 ஆகஸ்ட் 10 என்றே தேதி போட்டிருக்கிறீர்கள். கொல்லம் ஆண்டு 916, ஆடி மாதம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அமாவாசைக்கு ஓரிரு நாள்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் குளச்சலில் ‘பால் நிலவில் கடல் உறங்குகிறது’. நிலவும் இல்லை, உறக்கமும் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்றில் நம் மேற்குக் கரை ஆடியில் எப்படி இரையும் என்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இப்போதும் இந்தக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன், ஜூலையில்தான் தடைக்காலம். டிசம்பர் விடுமுறையில் போய்ப் பார்த்த கடலை ஆடிக்கு எழுதியதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். அடுத்த ஆடியில் லீவு போட்டு வாருங்கள். தூண்டில் வளைவுகளும் கான்கிரீட்டும் இல்லாத மணல்துண்டாகத் தேடி நில்லுங்கள். கரமடி (கரையில் நின்று இழுக்கும் பெரிய வலை) இழுப்பவர்கள் கண்ணில் பட்டால் விடாதீர்கள்: கயிற்றைப் பிடித்து இரண்டு வரிசையாகப் பின்னோக்கி நகரும் அந்த உடல்களைப் பார்த்துவிட்டு, பீரங்கி இழுக்கும் காட்சியை மறுபடி எழுதுங்கள்.

உடைக்கும் நகைக்கும் சுசீந்திரம், திருவட்டாறு கோயில்களின் பிராகாரத் தூண்களில் பாவை விளக்கேந்திய பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். கொண்டை போட்ட விதம், காது வளர்த்துத் தொங்கும் குழை, இடையில் துணி மடிப்பு எல்லாம் அதில் தெளிவு. ஆனால் அவை சிற்பியின் இலட்சண அளவு. நடமாடிய பெண்கள் அவ்வளவு அலங்காரமாக இல்லை. உங்கள் நாயகனின் அக்காவுக்கு மேலாடை போடும் உரிமையே இல்லை. அந்த உரிமைக்கான போராட்டம் 1859 வரை நீண்டது. சிற்பத்தைப் பார்த்து அவளுக்கு நகை பூட்டாதீர்கள். கோயிலுக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள், நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். எவ்வளவு கோணலாக வரைந்தாலும், வரைந்தது நினைவில் நிற்கும்.

புத்தகங்களில் இரண்டு மூன்று போதும். 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்ற ஆங்கிலேய அதிகாரிகள் திருவிதாங்கூரை அளந்து எழுதிய குறிப்பேடு, ஊர் ஊராக நிலத்தையும் மரத்தையும் வீட்டையும் சொல்கிறது. உங்கள் காலத்துக்கு முக்கால் நூற்றாண்டு பிந்தியது என்றாலும் ரப்பருக்கு முந்தையது. அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளில் வரியும் வழக்கும் அன்றைய ஆட்களின் பேச்சுமாக நாஞ்சில் நாடு இருக்கிறது. கூடவே வில்லுப்பாட்டு கேளுங்கள். இரவிக்குட்டிப் பிள்ளை போர் கணியாகுளத்தில் நடந்த 17ஆம் நூற்றாண்டுச் சண்டை; படை புறப்படும்போது வீட்டுப் பெண்கள் கண்ட கெட்ட சகுனங்களைப் பாட்டு எப்படி அடுக்குகிறது என்று கேட்டால், அந்தக் காலத்து மனிதர் எதையெல்லாம் உற்றுப் பார்த்தார்கள் என்று தெரியும்.

செயற்கை நுண்ணறிவுப் படங்களைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எழுதி முடித்தபின் அட்டைக்கு வேண்டுமானால் யோசியுங்கள். எழுதும்போது வேண்டாம். ஆயிரம் படங்களின் சராசரியை அது தருகிறது. உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு விளை, ஒரே ஒரு மதில்.

அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறு இரவு கோயம்புத்தூருக்கு ரயில் பிடிக்கிற பழக்கத்தை ஒருமுறை விட்டுவிட்டு, சனிக்கிழமை கூட்டம் வருவதற்குள் காலையிலேயே அரண்மனையையும் கோட்டைச் சுவரையும் முடித்துவிடுங்கள். ஞாயிறு உதயகிரி, திங்கள் குளச்சலிலிருந்து நடை. குடையை மறக்காதீர்கள், ஆடியில் வருகிறீர்கள் அல்லவா.