மார்கழி வரப்பில் நாயோடு போகலாமா?

கேள்வி: வீட்டில் சிப்பிப்பாறை நாய் வளர்க்கிறோம். மார்கழி பிறந்ததிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்கு அதைக் கூட்டிக்கொண்டு தோப்பு வழியாக வயல்வரை நடக்கிறேன். இருட்டில் வரப்பில் போகாதே என்று மாமியார் தடுக்கிறார். போகலாமா, கூடாதா?
- வாசகி, மன்னார்குடி

பதில்: கட்டாயம் போங்கள். ஆனால் மாமியார் சொல்வது சரி. நன்றாக வெளுத்த பிறகு கிளம்புங்கள்.

கால்நடை மருத்துவராக என் வேலைக்காலம் முழுக்க இந்தப் பக்கம்தான் கழிந்தது. டெல்டாவில் நாயோடு நடக்க மார்கழி, தையை விட்டால் வேறு நல்ல காலம் கிடையாது. மழை ஓய்ந்து வரப்பு இறுகியிருக்கும், சம்பா கதிர் வாங்கி நிற்கும், வெயில் ஏறினாலும் உறைக்காது. பனி நனைத்த அருகம்புல்லில் மூக்கை வைத்து, ஒவ்வொரு அடியாக மோந்துகொண்டே போகும் நாயைப் பாருங்கள். அவசரப்படுத்தாதீர்கள், அந்த மோப்பம்தான் அதற்கு நடை.

ஆபத்தும் அந்த மூக்கு வழியாகத்தான் வருகிறது. கதிர் முற்றினால் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். நண்டு வளையா, எலி வளையா என்று நாய் யோசிப்பதில்லை, மூஞ்சியை நுழைத்துவிடும். அதனால்தான் நாய்க்குப் பாம்புக்கடி பெரும்பாலும் முகத்திலும் முன்னங்காலிலும் விழுகிறது. கண்ணாடி விரியன் இரவில் இரை தேடும். குளிர்காலத்தில் காலை வெயில் காயவும் வெளியே வந்து படுக்கும். மூங்கில் சருகில் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. குக்கர் ஆவி விடுகிற மாதிரி நீளமாகச் சீறும். கேட்டால் அப்படியே பின்னால் வந்துவிடுங்கள்.

கடித்துவிட்டால் முகம் வீங்கும், ஈறில் ரத்தம் கசியலாம். நல்ல பாம்பு என்றால் இமை சொருகி நடை தள்ளாடும். கடிவாய்க்கு மேலே கயிறு கட்டாதீர்கள், கடித்த இடத்தைக் கீறாதீர்கள். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். மனிதர்களுக்குப் போடும் அதே விஷமுறிவு மருந்துதான் நாய்க்கும். அது பக்கத்தில் எங்கே இருப்பு இருக்கிறது என்று இப்போதே கேட்டு வையுங்கள். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது, உங்களுக்கு எட்டாத தூரமில்லை.

அப்புறம், எலிக் கிட்டி, அதாவது மூங்கில் வில் வைத்த எலிப்பொறி. சாயங்காலம் வயலில் வைத்துவிட்டுக் காலையில் வந்து எடுப்பார்கள். மூங்கில் வில் தெறிக்கும் வேகத்தில் நாயின் மூக்கோ பாதமோ சிக்கினால் பாவம். எலி மருந்து தின்று செத்த எலியை நாய் கவ்வுவது அதைவிட மோசம். கிட்டி, மருந்து ஏதும் வைத்திருக்கிறார்களா என்று வயற்காரரிடம் விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

கயிறு எப்போதும் கையில் இருக்கட்டும். சிப்பிப்பாறை வேட்டை நாய். கீரியோ முயலோ ஓடினால் நீங்கள் கூப்பிடுவது அதன் காதில் விழாது. கதிர் வாங்கிய பயிருக்குள் அது புகுந்து ஓடினால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

வீடு திரும்பியதும் கால்விரல் இடுக்கில் நாயுருவி, ஒட்டுப்புல் ஒட்டியிருக்கிறதா, காதில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வெறிநாய்த் தடுப்பூசியோடு எலிக் காய்ச்சல் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் பரவும் நோய் அது, மனிதர்களையும் விடாது.

கேள்வி: பனிக்கு நாய்க்கு ஸ்வெட்டர் போடலாமா?
- வாசகர், திருவையாறு

பதில்: நடக்கிற நாய்க்கு நம் ஊர்ப் பனியில் தேவையே இல்லை. வந்ததும் வயிறும் காலும் ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். குட்டிக்கும் கிழட்டு நாய்க்கும் ராத்திரி படுக்கக் காய்ந்த சாக்கு போடுங்கள்.

கேள்வி: வடுவூர் ஏரிக்கு நாயைக் கூட்டிப் போகலாமா?
- வாசகர், நீடாமங்கலம்

பதில்: அங்கே மட்டும் வேண்டாம். அது பறவைகள் சரணாலயம், 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வெகுதூரம் பறந்து வந்து இரை பொறுக்கும் வாத்துக்கூட்டம், ஒரு குரைப்பில் மொத்தமாக எழும்பிவிடும். நாயை வாய்க்கால் கரையில் நடத்திவிட்டு, ஏரிக்கு நீங்கள் மட்டும் போய் வாருங்கள்.