கிளிக் விழுகிறது, கமிஷன் வரவில்லை: அஃபிலியேட் தொழிலில் பணம் கசியும் இடங்கள்

கேள்வி: அஃபிலியேட் மார்க்கெட்டிங் (பிறர் பொருளுக்கு லிங்க் கொடுத்து, அதன் வழியே விற்றால் கமிஷன் பெறுவது) செய்து பார்த்தவர்கள் கற்ற பாடங்கள் என்ன, எதை நினைத்து வருந்துகிறீர்கள்? என் தளத்தில் 60 கட்டுரைகள் இருக்கின்றன. கிளிக் விழுகிறது, காசுதான் வரமாட்டேன் என்கிறது. தொடரலாமா, விட்டுவிடலாமா?

பதில்: கிளிக் விழுகிறது என்றால் முதல் சந்தேகம் உங்கள் எழுத்தின்மேல் வர வேண்டியதில்லை. வாசகர் லிங்கைத் தொடும் நொடியிலிருந்து உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறும் வரை நீளும் பாதையைப் பாருங்கள். அதில் நாலைந்து இடங்களில் கசிவு இருக்கும். இந்தத் தொழிலில் பலருடைய பெரிய வருத்தம், அந்தப் பாதையை ஒரு தடவைகூட நடந்து பார்க்காமல் அடுத்த கட்டுரை, அதற்கடுத்த கட்டுரை என்று எழுதிக்கொண்டே போனதுதான்.

முதலில் கணக்கு. பொருளின் விலை 1,000, கமிஷன் 4 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றே. கட்டுரையை 1,000 பேர் படிக்கிறார்கள், 100 பேர் லிங்கைத் தொடுகிறார்கள், 4 பேர் வாங்குகிறார்கள். வருவது 160. ஒருவர் பொருளைத் திருப்பி அனுப்பிவிட்டால் 120. அப்படியென்றால் ஒரு கிளிக்கின் மதிப்பு 1.20. இதைத்தான் ஈபிசி என்பார்கள். இந்த ஒரு எண்ணைக் கட்டுரை வாரியாக எழுதி வைத்திருப்பவர் மிகக் குறைவு. கமிஷன் சதவீதத்தை மட்டும் பார்த்துப் பொருளைத் தேர்ந்தெடுப்பது ஏன் தவறு என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்: 40 சதவீதம் தருகிற 1,000 விலையுள்ள பாடத்திட்டத்தை 500 கிளிக்குக்கு ஒருவர் வாங்கினால் ஈபிசி 0.80. மேலே சொன்ன 4 சதவீதப் பொருளைவிடக் குறைவு.

கட்டுரை வாரியாகத் தெரிய வேண்டுமானால் எல்லா லிங்கிலும் ஒரே டேக் (விற்பனை எந்த லிங்கில் வந்தது என்று காட்டும் அடையாளக் குறி) போடக் கூடாது. கடைகளுக்கும் நமக்கும் நடுவில் நிற்கும் நெட்வொர்க்குகள் பெரும்பாலும் இதற்கென்று சப் ஐடி என்று ஒன்றைத் தருகின்றன. அமேசானில் தனித்தனி டிராக்கிங் ஐடி உருவாக்கிக்கொள்ளலாம். கட்டுரை எண்ணையும் இடத்தையும் சேர்த்துப் பெயர் வையுங்கள்: 12-ஆம் கட்டுரையின் மேல் அட்டவணைக்கு ஒன்று, அதே கட்டுரையின் கடைசிப் பத்திக்கு வேறொன்று. மூன்று மாதம் கழித்து டேஷ்போர்டைத் திறந்தால் எந்த இடத்து லிங்க் வாங்க வைக்கிறது, எது வெறும் விரலை மட்டும் இழுக்கிறது என்று பிரிந்து நிற்கும். இதை முதல் நாளிலேயே செய்யாவிட்டால் பிறகு பின்னோக்கிக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. 60 கட்டுரைக்கும் ஒரே டேக் போட்டிருக்கிறீர்கள் என்றால் இன்றைக்கு இருந்தே பிரியுங்கள்.

அடுத்து குக்கீ, அதாவது வாசகர் உங்கள் லிங்க் வழியாக வந்தார் என்று அவருடைய பிரவுசர் வைத்திருக்கும் சிறு குறிப்பு. ஆட்கள் ஏமாறுவது அதிகமும் இங்கேதான். அமேசானில் வாசகர் உங்கள் லிங்க் வழியாக உள்ளே போனபின் 24 மணி நேரம்தான் உங்கள் கணக்கு. அந்த நேரத்துக்குள் பொருளைக் கார்ட்டில் போட்டுவிட்டால், அந்தப் பொருளுக்கு மட்டும் 90 நாள் வரை அவகாசம் உண்டு. ஆகவே ஒரு வாரம் யோசித்து வாங்குகிற விலை உயர்ந்த பொருள்களுக்கு 24 மணி நேரக் குக்கீ பெரும்பாலும் வீண். அப்படிப்பட்ட பொருள்களுக்கு 30 அல்லது 60 நாள் தரும் திட்டத்தைத் தேடுங்கள். ஆனால் அந்த '30 நாள்' என்பதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். சஃபாரி பிரவுசர் 2019-இல் கொண்டுவந்த மாற்றத்தால் ஜாவாஸ்கிரிப்ட் வைக்கும் குக்கீ 7 நாளில் காலாவதியாகிவிடுகிறது, சில சூழ்நிலைகளில் ஒரே நாளில். 2020 மார்ச்சிலிருந்து மூன்றாம் தரப்புக் குக்கீகளை (வாசகர் திறந்திருக்கும் தளம் அல்லாத வேறொரு தளம் வைப்பவை) அது முழுவதுமாகவே தடுக்கிறது. உங்கள் வாசகர்களில் பாதிப் பேர் ஐபோன் வைத்திருந்தால், அந்தப் பாதிக்கு நீங்கள் படித்த ஒப்பந்தம் வேறு, நடப்பது வேறு. சேரும் முன் நெட்வொர்க்கிடமோ விற்பனையாளரின் அஃபிலியேட் மேனேஜரிடமோ ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "டிராக்கிங் பிரவுசர் குக்கீயில் நடக்கிறதா, சர்வர் டு சர்வரா?" சர்வர் டு சர்வர் என்றால், விற்பனையைக் கடையின் கணினி நேராக நெட்வொர்க்கின் கணினிக்குச் சொல்லிவிடும். பதில் சொல்லத் தடுமாறினால் அந்தத் திட்டத்தை நம்பிப் பத்துக் கட்டுரை எழுத வேண்டாம்.

யாரும் சொல்லித் தராத ஒரு கசிவு: செயலிக்குள்ளேயே திறக்கும் பிரவுசர். உங்கள் கட்டுரையை ஒருவர் ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ பார்த்துத் தொடுகிறார். அது அந்தச் செயலியின் உள் பிரவுசரில் திறக்கிறது. அங்கிருந்து கடைக்குப் போகிறார். குக்கீ அந்த உள் பிரவுசரில் விழுகிறது. "வீட்டுக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம்" என்று மூடிவிட்டு, இரவில் தன் வழக்கமான பிரவுசரில் கடையைத் திறந்து வாங்குகிறார். இரண்டு பிரவுசர்களின் குக்கீகளும் தனித்தனி என்பதால் உங்கள் பெயர் எங்கும் இல்லை. விற்றது உங்கள் கட்டுரை, கமிஷன் பூஜ்யம். சமூக ஊடகத்திலிருந்து வருகிறவர்களின் ஈபிசி, தேடலில் வருகிறவர்களுடையதைவிடக் குறைவாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த வாசகர்களை நேராகக் கடைக்கு அனுப்புவதைவிட மின்னஞ்சல் பட்டியலில் சேரச் சொல்லும் பக்கத்துக்குக் கொண்டுவருவது மேல்.

கடைசி கிளிக் விதியும் ஒன்று இருக்கிறது. பெரும்பாலான திட்டங்களில் வாங்குவதற்கு முன் கடைசியாக யாருடைய லிங்க் தொடப்பட்டதோ அவருக்குத்தான் கமிஷன். பணம் கட்டும் பக்கத்தில் கூப்பன் கட்டத்தைப் பார்த்ததும் வாசகர் இன்னொரு தாவலைத் திறந்து கூப்பன் தேடுகிறார். கூப்பன் தளம் தன் குக்கீயை வைத்துவிடுகிறது. நீங்கள் இரண்டாயிரம் வார்த்தை எழுதி ஒப்புக்கொள்ள வைத்த வாசகர் அவர்கள் கணக்கில் போய்விடுவார். செல்லுபடியாகும் கூப்பன் இருந்தால் அதை உங்கள் கட்டுரையிலேயே, லிங்க்குக்குப் பக்கத்திலேயே போடுங்கள். உங்கள் பெயரிலேயே தனிக் கூப்பன் குறியீடு கேட்டு வாங்க முடிந்தால் இன்னும் நல்லது. குறியீட்டை வைத்துக் கணக்கிடும் கடைகளில் குக்கீ தொலைந்தாலும் விற்பனை உங்களுக்கே வரும்.

விற்பனை பதிவாகிவிட்டது என்பதால் பணம் வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். திருப்பி அனுப்பும் காலம் முடியும் வரை கமிஷன் 'நிலுவை' என்றே நிற்கும். 30 நாள், 60 நாள், பயண முன்பதிவு போன்ற துறைகளில் பயணம் முடிந்த பிறகுதான். அதற்குப் பின் பணம் தரும் சுழற்சி, அதற்குமேல் குறைந்தபட்சத் தொகை. ஐந்து நெட்வொர்க்கில் ஐந்து சின்னத் தொகைகள் அந்த வரம்பைத் தொடாமல் ஆண்டுக்கணக்கில் தூங்குவதும், நீண்ட நாள் இயக்கமில்லாத கணக்கு என்று கழிக்கப்படுவதும் நடக்கிற கதைதான். தொடக்கத்தில் இரண்டு மூன்று திட்டங்களுக்கு மேல் சேராதீர்கள்.

இந்தத் தாமதம் விளம்பரம் போடுகிறவர்களைத்தான் பலமாக அடிக்கும். நாளொன்றுக்கு விளம்பரச் செலவு 100, கமிஷன் 130, லாபம் 30 என்று காகிதத்தில் அழகாக இருக்கும். கமிஷன் கைக்கு வர 75 நாள் ஆகிறதென்றால், முதல் காசைப் பார்ப்பதற்குள் 7,500 போட்டிருக்க வேண்டும். செலவை இரட்டிப்பாக்கினால் 15,000. நடுவில் ஒரு மாதக் கமிஷன் ரத்தானால் லாபத்தில் ஓடும் தொழிலே கடனில் நிற்கும். கட்டணக் கிளிக்கின் விலை உங்கள் ஈபிசியைவிடக் குறைவாக இருக்கிறது என்று மூன்று மாதத் தரவு சொல்லாதவரை விளம்பரப் பக்கம் போகாதீர்கள். அப்படிப் போனாலும் தேடல் விளம்பரத்தில் கடையின் பெயரையே கீவேர்டாக (விளம்பரம் தோன்ற வேண்டிய தேடல் சொல்லாக) வைத்து ஏலம் கேட்பதைப் பல திட்டங்கள் தடை செய்திருக்கின்றன. மீறினால் சேர்ந்திருக்கும் கமிஷன் முழுவதும் போகும்.

ஒப்பந்தத்தில் எல்லோரும் தாண்டிப் போகும் வரி ஒன்று: கமிஷன் விகிதத்தை நிறுவனம் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். 2020 ஏப்ரலில் அமேசான் தன் அமெரிக்கத் திட்டத்தில் அறைகலன், வீட்டுப் பொருள்களுக்கான கமிஷனை 8 சதவீதத்திலிருந்து 3-க்கும், மளிகைக்கானதை 5-இலிருந்து 1-க்கும் குறைத்தது. அந்தத் துறையில் மட்டும் தளம் வைத்திருந்தவர்களுக்கு ஒரே நாளில் பாதிக்கு மேல் வருமானம் போனது. அவர்கள் பக்கம் தவறே இல்லை. ஒரே நிறுவனத்திலிருந்து வரும் பங்கு மொத்தத்தில் 40 சதவீதத்தைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வது என் கருத்தில் கட்டாயம். தாண்டுகிறதென்றால் புதுக் கட்டுரையை நிறுத்திவிட்டு, அதே பொருளை விற்கும் இரண்டாவது கடையை முதலில் தேடுங்கள்.

லிங்கை மாற்ற வசதியாக வைத்திருந்தால்தான் அதுவும் முடியும். 60 கட்டுரைக்குள்ளும் நீளமான லிங்கை நேரடியாக ஒட்டி வைத்திருப்பவர், கடை முகவரி மாறும் அன்று 60 கட்டுரையையும் திறந்தாக வேண்டும். உங்கள் டொமைனிலேயே கடைக்குத் திருப்பிவிடும் ஒரு ரீடைரக்ட் முகவரி வைத்து, கட்டுரைகளில் அதையே கொடுங்கள். மாற்றம் ஓரிடத்தில் முடிந்துவிடும். அமேசான் மட்டும் லிங்க் எங்கே போகிறது என்பதை மறைக்கும் முறைகளை அனுமதிப்பதில்லை. அங்கே நேரடி லிங்க்தான். மின்னஞ்சலுக்குள் அவர்கள் லிங்கை வைக்கும் முன் அவர்களுடைய இப்போதைய விதியைப் படித்துவிடுங்கள்.

மாதம் ஒருமுறை, அதிகக் கிளிக் வாங்கும் 20 பக்கங்களின் லிங்க்குகளைக் கையால் தொட்டுப் பாருங்கள். பார்க்க வேண்டியவை: பக்கம் திறக்கிறதா, பொருள் இருப்பில் இருக்கிறதா, முகவரிப் பட்டையில் உங்கள் டேக் கடைசி வரை நிற்கிறதா. கடைக்காரர் தளத்தைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிடுவார்கள். அந்தத் திருப்பத்தில் கேள்விக்குறிக்குப் பின்னால் உள்ள பகுதி உதிர்ந்துவிடும். வாசகருக்கு எல்லாம் சரியாகத் தெரியும், உங்கள் டேக் மட்டும் காணாமல் போயிருக்கும். பக்கம் இல்லை என்று சொல்லும் 404 பிழையாவது கண்ணில் படும், இது படாது. கிளிக் இருந்தும் விற்பனை திடீரென்று பூஜ்யமாகிவிட்ட பக்கங்களில் முதலில் இதைச் சோதியுங்கள். சோதிக்கிறேன் என்று சொந்த லிங்கில் நீங்களே பொருள் வாங்கிவிடாதீர்கள். பல திட்டங்களில் அது கணக்கை மூடும் குற்றம். மேனேஜரிடம் சோதனை ஆர்டர் கேட்டால் செய்து தருவார்கள்.

இனி எழுத்து. கூகுள் 2021 ஏப்ரலில் தேடல் வரிசையில் பொருள் விமர்சனங்களுக்கென்றே ஒரு அப்டேட் விட்டது. 2022 ஆகஸ்டிலும் 2023 செப்டம்பரிலும் வந்த 'ஹெல்ப்ஃபுல் கன்டென்ட்' மாற்றங்கள் அஃபிலியேட் தளங்கள் பலவற்றைச் சாய்த்தன. கையால் தொடாத பத்துப் பொருளைக் கடையின் விவரக் குறிப்பிலிருந்து மாற்றி எழுதி 'சிறந்த 10' என்று போடும் முறை அதோடு ஏறக்குறைய முடிந்தது. முடிந்ததும் நியாயம்தான். நம்மை நம்பி ஒருவர் பணத்தைச் செலவழிக்கிறார். ஒரு அலுவலக நாற்காலியைப் பற்றி எழுதினால், இருக்கையின் உயரம் குறைந்தபட்சம் எத்தனை செ.மீ. என்று டேப் வைத்து அளந்து போடுங்கள். கைப்பிடி மேசைக்கு அடியில் நுழைகிறதா, மூன்று மணி நேரம் உட்கார்ந்தபின் தொடைக்கு அடியில் விளிம்பு அழுத்துகிறதா, வழுவழுப்பான தரையில் சக்கரம் தானாக நகர்கிறதா, பூட்டும்போது எந்தத் திருகு துளையோடு பொருந்தவில்லை என்று எழுதுங்கள். யார் வாங்கக் கூடாது என்பதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். அது திருப்பி அனுப்புவதைக் குறைக்கும், கமிஷன் ரத்தாவதும் குறையும். இப்படி எழுத ஒரு கட்டுரைக்கு ஒரு வாரம் ஆகலாம். 60 எழுதிய நேரத்தில் 15 எழுதியிருந்தால் போதும் என்பதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி கேட்கும் வருத்தம்.

'இந்த லிங்கில் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும்' என்ற வரியை லிங்க்குக்கு முன்னால், கண்ணில் படும்படி போடுங்கள். பல நாடுகளில் சட்டமே இதைக் கேட்கிறது. பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் போடுவது போதாது. லிங்கில் 2019-இல் கூகுள் அறிமுகப்படுத்திய 'ஸ்பான்சர்டு' குறியீட்டையும் சேர்த்துவிடுங்கள்.

உங்கள் 60 கட்டுரைக்கு வருகிறேன். சர்ச் கன்சோல் (தேடலில் உங்கள் பக்கங்கள் எப்படிப் போகின்றன என்று காட்டும் கூகுளின் கருவி) கடந்த 16 மாதத் தரவைக் காட்டும். அதை எக்செல்லில் இறக்கி, பக்கத்தில் அஃபிலியேட் கிளிக், விற்பனை என்று இரண்டு நெடுவரிசைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேடலில் வாசகர் வந்தும் லிங்கைத் தொடாத கட்டுரை என்றால் பொருள் பொருந்தவில்லை; லிங்கை எடுத்துவிட்டு அங்கே மின்னஞ்சல் படிவம் வையுங்கள். தொட்டும் வாங்காதது என்றால் மேலே சொன்ன குக்கீ, டேக், இருப்பு மூன்றையும் சோதித்துவிட்டு, கடையை மாற்றிப் பாருங்கள். 16 மாதமாக யாருமே வராத கட்டுரைகளில் நீங்கள் உண்மையிலேயே கையில் வைத்துப் பயன்படுத்தும் பொருள் இருந்தால் மட்டும் திருத்தி எழுதுங்கள், மற்றதை நீக்கிவிடுங்கள். 60-இல் 12 தேறினாலும் தொடரலாம். அந்த 12-க்கும் புது டேக் போட்டு 90 நாள் விடுங்கள். அதுவரை 61-ஆவது கட்டுரை வேண்டாம்.