தொண்டு நிறுவனம் நன்கொடைக்கு ஆண்டு இலக்கு வைப்பது என்றால் என்ன, அது எதற்கு?

ஏப்ரலிலிருந்து மார்ச் வரை எவ்வளவு பணம் வேண்டும், அது யாரிடமிருந்து, எந்த மாதத்தில் வரும் என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் ஆண்டு இலக்கு. "இந்த வருஷம் 10 லட்சம்" என்று மட்டும் எழுதினால் அது வெறும் ஆசை. மொத்தத் தொகையாக வைத்தால் எங்கே சறுக்குகிறது என்பதே பிப்ரவரி வரை தெரியாது, தெரியும்போது ஒன்றும் செய்ய முடியாது. மாதம் 500 ரூபாய் தருபவர்கள் 100 பேர் இருந்தால் 6 லட்சம் வந்துவிடும், அப்புறம் மீதி 4 லட்சத்துக்குத்தான் அலைய வேண்டும். மளிகைக் கடைக்காரர் மாத லிஸ்ட் கொடுக்கும் வீடுகளை நம்பித்தானே சரக்கு எடுக்கிறார், அதே கணக்கு.

அதனால் என் கண்ணில் முதல் இலக்கு புது ஆள் பிடிப்பது இல்லை, போன வருஷம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் மறுபடி கொடுக்கிறார்கள் என்பதுதான். அதற்குப் பெரிய வித்தையெல்லாம் வேண்டாம்: நன்றி சொல்லி ஒரு போன், பணம் எதற்குப் போனது என்று இரண்டு வரி, 80ஜி பதிவு (கொடுப்பவருக்கு வருமான வரியில் சலுகை கிடைக்க வழிசெய்யும் பதிவு) இருந்தால் வரிச் சலுகைச் சான்றிதழை இழுத்தடிக்காமல் அனுப்புவது (ரொக்கமாக 2000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடைக்காது, இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்).

போன வருஷத் தொகையில் 10 சதவீதம் கூட்டிப் போட்டால் இலக்கு ரெடி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, இந்த வருஷம் செய்யப்போகும் வேலைக்கு ஆகும் செலவிலிருந்துதான் அந்தத் தொகை வர வேண்டும்.