டிரங்குப் பெட்டி மூடியில் ஓர் எண்
முன்னாள் படைவீரர் கேள்வி - பதில்

கேள்வி: அப்பா 1963-ல் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து, 9 வருடம் இருந்துவிட்டு 1972-ல் வந்துவிட்டார். பென்ஷன் கிடையாது. போன தை மாதம் காலமானார். அம்மாவுக்கு வயது 73. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பாதியைக் கறையான் தின்றுவிட்டது. பென்ஷன் வாங்காதவர் மனைவிக்கு ஒன்றும் கிடைக்காது என்கிறார்கள். அப்படியா ஐயா?
- வாசகர், களக்காடு

பதில்: அப்படி இல்லை, தம்பி. முதலில் ஒன்று கேட்கிறேன். அப்பாவின் கறுப்பு டிரங்குப் பெட்டி வீட்டில் கிடக்கிறதா? அநேகமாக அரிசியோ பழைய துணியோ போட்டு வைத்திருப்பீர்கள். மூடியைத் துடைத்துப் பாருங்கள். வெள்ளைப் பெயின்டில் அவருடைய ராணுவ எண்ணும் பெயரும் இருக்கும். மெடல் இருந்தால் அதன் விளிம்பையும் பாருங்கள். எண் கிடைத்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

படைவீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டின் ரிக்கார்டு ஆபீஸ் குன்னூர் பக்கம் வெலிங்டனில் இருக்கிறது. நீங்கள் அங்கே ஓட வேண்டாம். திருநெல்வேலி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனு கொடுங்கள். அவர்கள் மூலமாகவே எழுதலாம். கறையான் தின்ற புத்தகத்தை ஒட்டுகிறேன் என்று பசை தடவிவிடாதீர்கள். அப்படியே ஓர் உறையில் போட்டுக் காட்டுங்கள்.

மிச்சப் பக்கங்களில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, 9 வருடத்துக்குப் பிறகு அவரை ரிசர்வில், அதாவது தேவைப்பட்டால் திரும்பக் கூப்பிடும் பட்டியலில், வைத்திருந்தார்களா? பணிக்காலமும் ரிசர்வும் சேர்ந்து 15 வருடம் வந்தவர்களுக்கு ரிசர்விஸ்ட் பென்ஷன் உண்டு. அப்படி இருந்தால் கதையே வேறு.

இரண்டாவது, அம்மாவின் பெயர். பலர் சறுக்குவது இங்கேதான். நம் பக்கம் இசக்கி, சுடலை, பேச்சி என்று பெயர் வைப்போம். ஆங்கிலத்தில் இசக்கியை ‘ஐ’ போட்டு எழுதுவார் ஒருவர், ‘ஈ’ போட்டு எழுதுவார் இன்னொருவர். ஆதாரில் ஒன்று, டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ஒன்று. நான் 22 வருடம் ராணுவத்தில் கிளார்க்காக இருந்தவன். கல்யாணம், குழந்தை என்று வீரரின் குடும்ப விவரத்தைப் பதிவு செய்யும் பார்ட் டூ ஆர்டர் போடும்போது காதில் விழுந்தபடி டைப் அடித்தவர்களில் நானும் ஒருவன். ஊருக்கு வந்தபின் என் சொந்தச் சித்தி ஒரே ஓர் எழுத்துக்காக எட்டு மாதம் அலைந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. பெயர் மாறியிருந்தால் இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று சான்று வாங்கி, மனுவோடு முதலிலேயே சேர்த்துவிடுங்கள். அவர்கள் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அப்புறம் அம்மாவுக்கு விதவையர் அடையாள அட்டை எடுக்க வேண்டும். மாநில அரசின் எந்த உதவிக்குப் போனாலும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். பணத்துக்கு வருகிறேன். ஹவில்தார் வரையிலான பதவியில் இருந்து, பென்ஷன் இல்லாமல் வந்தவர்களுக்கும் அவர்கள் மனைவியருக்கும் 65 வயதுக்கு மேல் மாத உதவித்தொகை உண்டு. இது மத்திய அரசுடையது, ஆனால் நம் மாவட்ட அலுவலகம் சரிபார்த்துத்தான் மேலே போகும். 4,000 ரூபாயாக இருந்தது. 2025 நவம்பர் 1 முதல் கொடுக்கும் விண்ணப்பங்களுக்கு 8,000. டிசம்பர் 7 கொடிநாளில் பள்ளிக்கூடத்தில் காசு போட்டுச் சட்டையில் கொடி குத்திக்கொண்டோமே, அந்த நிதிதான். முடித்துத் தருகிறேன் என்று யாராவது கமிஷன் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: நாயக்காக ஓய்வுபெற்று வந்திருக்கிறேன். மரச்செக்கு வைக்க ஆசை. மாநில அரசு கடன் தருமா?
- வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ திட்டத்தைக் கேளுங்கள். 2024 சுதந்திர தினத்தில் அறிவித்தது. 1 கோடி ரூபாய் வரை கடன், அதில் 30 சதவீதம் மூலதன மானியம், 3 சதவீதம் வட்டி மானியம். தொழில் பயிற்சியும் உண்டு. விண்ணப்பம் அதே மாவட்ட அலுவலகத்தில்தான். ஆனால் கடன் கொடுப்பது வங்கி. 1 கோடி என்றதும் மயங்காதீர்கள். எள்ளும் தேங்காயும் எங்கே வாங்குவீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் ஆட்டுவீர்கள், யார் வாங்குவார்கள் என்று மேனேஜர் கேட்பார். செக்கு விலைக்கு இரண்டு இடத்தில் கொட்டேஷன் வாங்கிக்கொண்டு போங்கள். முடிந்தால் அதற்கு முன் ஒரு மாதம் யாருடைய செக்கிலாவது போய் நில்லுங்கள், சம்பளம் கேட்காமல்.