மாலுமிப் படத்துக்கு 45,000 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: புறக்கோட்டைப் பக்கம் பழம்பொருள் கடை ஒன்றில் 'பிளேயர்ஸ் நேவி கட்' சிகரட் விளம்பரப் படம் பார்த்தேன். தாடிக்கார மாலுமி, அவரைச் சுற்றி மிதவை வளையம், பின்னால் கப்பல்கள். முதலாம் உலகப் போரின்போது கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த போர்க்கப்பலில் இருந்ததாம். விலை 45,000 ரூபாய். என் தாத்தா துறைமுகத்தில் வேலை செய்தவர், அதனால் மனம் கேட்குதில்லை. வாங்கி, வெள்ளவத்தையில் என் தேத்தண்ணீர்க் கடையில் மாட்டலாமா ஐயா?
- வெள்ளவத்தை வாசகர்

பதில்: முற்பணம் கொடுத்துவிடாதீர்கள். படத்தின் வயது வேறு, அது அச்சான கடதாசியின் வயது வேறு.

நொட்டிங்காம் நகரத்து ஜோன் பிளேயர் கம்பெனி அந்த மாலுமி முகத்தை வணிகக் குறியாகப் பதிந்தது 1883இல். வளையம் சேர்ந்தது 1888இல். போருக்கு முன்பே இருந்த படம், போர் முடிந்தும் பல பத்தாண்டுகள் பெட்டிகளில் வந்தது. ஆகவே மாலுமியைக் காட்டி 1914 என்று சொல்ல முடியாது. கப்பலில் புகையிலையை உருட்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பதமானதும் வெட்டி வெட்டிப் பாவித்ததால் வந்த பெயர்தான் 'நேவி கட்' என்பார்கள். பிரித்தானியர் தம் கடற்படைமீது வைத்திருந்த பெருமையில் விற்ற சரக்கு அது. அந்தக் கவர்ச்சி குறையாததால்தான் இந்தப் படத்தை இன்றும் புதிதாக அச்சடிக்கிறார்கள்.

பிரேமிலிருந்து கழற்றித் தரச் சொல்லுங்கள். மாலுமியின் கன்னத்தில் பூதக்கண்ணாடியை வையுங்கள். நான்கு நிறப் புள்ளிகள் ஒழுங்கு தப்பாமல் சின்னப் பூக்கள் மாதிரி கூடி நின்றால் அது பிற்கால ஓஃப்செட் அச்சு. பழைய கல்லச்சில் நிறம் திட்டுத் திட்டாகவோ, கையால் வைத்த ஒழுங்கற்ற புள்ளிகளாகவோ தெரியும். பிறகு கள்ளநோட்டுப் பார்க்கும் ஊதா லைட்டைப் பிடியுங்கள். கடதாசி நீலமாகப் பளிச்சிட்டால், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பரவிய வெளுப்பூட்டி அதில் இருக்கிறது. அளவையும் பாருங்கள். அக்காலத்துப் பிரித்தானியச் சுவரொட்டிகள் அங்குலக் கணக்கு, 20க்கு 30 பரவலான அளவு. சரியாக 29.7க்கு 42 சென்ரிமீற்றர் என்றால் அது இன்றைய ஏ3 தாள்.

பழுப்பு நிறத்தை நம்பாதீர்கள். நான் ஒருமுறை நம்பி வாங்கிய படத்தை வீட்டில் கழற்றினேன். வெளிச்சம் பட்ட இடமும் பிரேமுக்குள் மறைந்திருந்த ஓரமும் முதுகுப்பக்கமும் ஒரே பழுப்பு. தேயிலைச் சாயத்தில் தோய்த்திருந்தார்கள். உண்மையில் பழசானது இப்படிச் சீராகப் பழுக்காது. அந்தக் காசு திரும்பி வரவில்லை, பற்றுச்சீட்டில் 'பழைய படம்' என்று மட்டும் எழுதி வாங்கியிருந்தேன்.

ஆகவே நீங்கள் '1914–1918 காலத்து அசல் அச்சு' என்று பற்றுச்சீட்டில் எழுதிக் கேளுங்கள். முதலாளி தயங்கினால் விட்டுவிடுங்கள். எழுதிக் கொடுத்த பிறகு பொய் என்று தெரிந்தால், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி எண் 1977. மறுபதிப்புத்தான், ஆனாலும் தாத்தா நினைவுக்கு வேண்டும் என்றால், பிரேமின் பெறுமதிக்கு மேல் ஒரு சதமும் கொடாதீர்கள்.

கடையில் மாட்ட வேண்டாம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை விளம்பரத்தைத் தடை செய்கிறது. பழசோ புதிதோ, தேத்தண்ணீர் குடிக்க வரும் பாடசாலைப் பிள்ளையின் கண்ணில் படுவது சிகரட்டின் பெயர்தான். வீட்டு அறையில் தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள்.

கேள்வி: அப்பா வைத்திருந்த பழைய சிகரட் விளம்பர அட்டையை லேமினேட் பண்ணலாமா?
- பம்பலப்பிட்டி வாசகி

பதில்: வேண்டாம் அம்மா. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்க முடியாது, அட்டையின் மதிப்பும் அதோடு போய்விடும். அமிலமற்ற அட்டையில் வைத்து, கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி இடைவெளி விட்டு பிரேம் போடச் சொல்லுங்கள். கடற்கரைப் பக்கச் சுவர் ஈரம் குடிக்கும், உட்சுவரில் மாட்டுங்கள்.